கேட்டுக்கும் எர்த் கொடுத்தவன்

அன்று காலை அந்த வீட்டு வாசலில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர், அவர் மனைவி, ஹோமம் செய்ய வந்த ஐயர், மாட்டையும் கன்றையும் பிடித்துக்கொண்டு வந்தவர், கட்டடம் கட்டிய மேஸ்திரி, கதவு ஜன்னல் செய்த ஆசாரி, பெயின்டர், வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் இருபத்தாறு பேர், என் மனைவி, விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய என் மச்சான், அப்புறம் நான். மாட்டையும் கன்றையும் சேர்க்காமல் முப்பத்தாறு. யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. பயம் வந்தால் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பது என் பழக்கம்.

அந்த முப்பத்தாறு பேருக்கு முன்னால்தான் மாடு வீட்டுக்குள் வர மாட்டேன் என்று நின்றது.

திண்டிவனத்தில் மயிலம் ரோட்டுப் பக்கம் புது மனைப் பிரிவு ஒன்றில் இருக்கிறது அந்த வீடு. நான் தனியாக எடுத்து வயரிங் செய்த முதல் வீடு. அதற்கு முன்னால் பதினாலு வருஷம், கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்திருந்தேன். பட்டையில் கிழிசல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாரும் ஒரு தரம் பார்ப்பார்கள், நான் மூன்று தரம் பார்ப்பேன். "பொண்ணு பாக்கறியா, பட்டை பாக்கறியா?" என்று சூப்பர்வைசர் கத்துவார். ஒரு நாள் கேன்டீனில் எல்லாரையும் கூட்டி வைத்து, இந்த லைனை வேறு ஊருக்கு மாற்றப் போகிறோம், ஆட்களைக் குறைக்கிறோம் என்றார்கள். கணக்கு முடித்து ஒரு செக்கும், ஞாபகார்த்தமாக ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்தார்கள். ஹாட் பாக்ஸின் மூடி சரியாக உட்காரவில்லை. அதை யார் செக் பண்ணினார்களோ தெரியவில்லை.

நாற்பத்தோரு வயசு. படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் பத்தாவது சர்டிபிகேட் கேட்டார்கள். என் மனைவியின் தம்பி விழுப்புரத்தில் எலக்ட்ரீசியன். என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவன். அவன்தான் ஒரு நாள் போன் பண்ணி, "மாமா, எங்கூட வந்துடுங்க" என்றான்.

"எனக்கு கரண்டுன்னாலே பயம் மச்சான்."

"அதான் மாமா வேணும். பயப்படற ஆளுதான் இந்தத் தொழில்ல இருப்பான். பயப்படாதவன் போட்டோவுலதான் இருப்பான்."

இதைக் கேட்டு எனக்கு இன்னும் பயம் கூடியது. ஆனாலும் போனேன். கரண்டு பாடம் பத்தாவதில் வருமாம். நான் அதற்கு ஒரு வகுப்பு முன்னாலேயே நின்றுவிட்டவன். அதனால் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து கேட்டேன். பேஸ் எது, நியூட்ரல் எது, ஏன் ஒன்று ஷாக் அடிக்கும், ஒன்று அடிக்காது? தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் விழுப்புரம் போய், அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு, சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, வயர் இழுத்தேன். வேலை நடக்கிற இடத்தில் அவன் என்னை அதட்டுவான். "இன்னா மாமா, ஸ்க்ரூவைத் தாலாட்டிக்கினு இருக்கீங்க? ஜல்தி!" சாயந்தரம் அவன் வீட்டுக்குப் போனால் அவனே எழுந்து நின்று, "வாங்க மாமா, உக்காருங்க" என்பான். இரண்டுக்கும் நடுவில் எனக்குக் கொஞ்ச நாள் தலை சுற்றியது. அப்புறம் பழகிவிட்டது. இரண்டு வருஷம் அப்படிப் போனது.

மூன்றாவது வருஷம் இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான். "நான் வர மாட்டேன். நீங்களே முடிங்க. எனக்குக் கெடார் பக்கம் ரெண்டு வீட்டு வேலை நடக்குது" என்று சொல்லிவிட்டான்.

என் மனைவிக்கு இதில் நம்பிக்கை இல்லை. தம்பியின் மேல் இருந்தது, என் மேல் இல்லை. விழுப்புரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் செக்யூரிட்டி வேலைக்கு ஃபாரம் வாங்கிப் பூர்த்தி பண்ணி, என் கையெழுத்தையும் வாங்கி வைத்திருந்தாள். "நாற்காலி போட்டு உக்காந்துக்கினு, வர்றவங்களுக்கு சல்யூட் அடிக்கலாம். ராத்திரி தூக்கமாவது வரும் உங்களுக்கு. இந்த வீட்டைப் பாப்போம். கிரகப்பிரவேசம் நல்லபடியா முடிஞ்சா ஃபாரம் வேணாம். ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா, திங்கக்கிழமை கொண்டு போயி குடுத்துடுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த வீட்டு வேலை நடந்த மூன்று மாசமும் நான் தூங்கவில்லை. படுத்தால் சுவருக்குள் இருக்கிற ஜாயின்ட் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வரும். மாடி ரூம் ஃபேன் பாக்ஸில் டேப் சுற்றினேனா? சுற்றினேன். நன்றாகச் சுற்றினேனா? காலையில் போய் மறுபடியும் பிரித்துப் பார்ப்பேன். சுற்றித்தான் இருக்கும். பார்ப்பதற்காகப் பிரித்துவிட்டதால் மறுபடியும் சுற்றுவேன்.

வீட்டுக்காரர் கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டர். ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் பாக்கி. நல்ல மனுஷர். ஆனால் வீட்டையே பஸ்ஸாக நினைத்துப் பேசுவார். ஹாலில் நாலு பேர் நின்றால், "முன்னாடி இடம் கீது, நகந்து போங்க" என்பார். நான் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதைக் கண்டு, "இன்னாப்பா, ஒரு டிக்கெட்டுக்கு எத்தினி தரம் செக்கிங்?" என்று கேட்டார்.

இழுத்துத் தள்ளுகிற இரும்பு கேட் போட்டிருந்தார். அதன் இரண்டு பக்கத் தூணிலும் விளக்கு. மழைத் தண்ணீர் விளக்குக்குள் இறங்கி, கேட்டில் கரண்டு வந்து, ஒரு குழந்தை தொட்டுவிட்டால் என்று ஒரு நாள் யோசனை வந்தது. யோசனை வந்தால் எனக்கு விடாது. தூணிலிருந்து ஒரு வயர் இழுத்து, கேட் ஓடுகிற தண்டவாளத்துக்கும் எர்த் கொடுத்துவிட்டேன். எர்த் என்பது வேறொன்றுமில்லை. எங்கேயாவது கரண்டு கசிந்தால் அது நம் உடம்பு வழியாகப் போகாமல், வயர் வழியாகப் போய் மண்ணுக்குள் இறங்கிவிட ஒரு வழி. வீட்டின் மூலையில் குழி வெட்டி, எட்டடி இரும்புப் பைப்பை நிறுத்தி, உப்பும் கரியும் போட்டு மூடி, வீட்டில் இருக்கிற எல்லா எர்த் வயரையும் அதில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். யாரும் கேட்டுக்கெல்லாம் எர்த் கொடுப்பதில்லை. மச்சானிடம் சொன்னபோது போனிலேயே சிரித்தான். "அப்படியே முருங்கை மரத்துக்கும் ஒண்ணு குடுத்துடுங்க மாமா."

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். வாசல் தெளித்து, பெரிய கோலம் போட்டிருந்தார்கள். கேட் தண்டவாளத்துக்கு வீட்டுக்கார அக்கா மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார். மஞ்சள் குங்குமம் வைத்த இடத்தை யார் மிதிப்பார்கள்? வந்த முப்பத்தாறு பேரும் பார்த்துப் பார்த்துத் தாண்டித்தான் உள்ளே போனோம். கேட்டுக்குப் புது பெயின்ட். மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. சீரியல் பல்பு மாடியிலிருந்து தரை வரைக்கும் தொங்கியது. எல்லா ஸ்விட்சும் வேலை செய்தது. நான் ஒரு ஓரமாக, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

எல்லாரும் மறுபடி வெளியே வந்து நின்றார்கள். மாடு முதலில் போக வேண்டும், அதன் பின்னால் கலசத்தோடு வீட்டுக்காரரும் அக்காவும், அப்புறம் மற்றவர்கள்.

மாடு நடந்து வந்தது. முன்னங்காலைத் தூக்கிச் சரியாகத் தண்டவாளத்தின் மேல் வைத்தது. வைத்த வேகத்தில் துள்ளிப் பின்னால் வந்து பெயின்டர் மேல் மோதியது.

"ஹேய், ஹேய்! இன்னா ஆச்சு ஒனக்கு?" என்று மாட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். "எம் மாடு முப்பது வீடு ஏறி எறங்கனதுங்க. மச்சுப்படி கூட ஏறும்."

மறுபடியும் கொண்டுவந்தார்கள். மறுபடியும் காலை வைத்தது, மறுபடியும் துள்ளியது.

கண்டக்டருக்குப் பழக்கம் விடவில்லை. கலசத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது தடவையும் மாடு துள்ளியபோது யாரும் சிரிக்கவில்லை.

"மாடு போவ மாட்டன்னா நல்லதுக்கு இல்லை" என்று கூட்டத்தில் ஒரு அம்மா முணுமுணுத்தது. அக்காவின் முகம் வாடிப்போனது.

"டைல்ஸ் பளபளன்னு கீதுல்ல, அதான் பேஜாராவுது" என்றார் ஆசாரி.

மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. "டைல்ஸுக்கு அது இன்னும் போவவே இல்லையே. கேட்டுலதான நிக்குது."

மாட்டுக்காரர் அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். "இது கரண்டு அடிச்ச துள்ளல். எங்க கொட்டாயில ஒரு தபா மோட்டார் வயர் கட்டாயி, இதே மாதிரிதான் துள்ளுச்சு."

முப்பத்தைந்து பேரும் தண்ணீர் டிரம் பக்கம் திரும்பினார்கள்.

அந்த நேரத்தில் ஜவுளிக்கடை வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு நான் சல்யூட் அடிப்பது எனக்கே தெரிந்தது. தொப்பி கொஞ்சம் பெரிதாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். மச்சான் பக்கத்தில் வந்து, "மாமா, என்னாண்ட குடுங்க" என்றான்.

"வேணாம் மச்சான். நானே பாக்கறேன்."

தண்டவாளத்தில் வைத்தேன். டெஸ்டருக்குள் சின்னதாக, சிவப்பாக, எரிந்தது.

ஓடிப்போய் மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் நிறுத்தினேன். மைக் செட் பாதிப் பாட்டில் நின்றது. சீரியல் பல்பு அணைந்தது. திரும்பி வந்து மறுபடி டெஸ்டர் வைத்தேன். ஒன்றும் இல்லை. "இப்ப கரண்டு இல்லைங்க. போவலாம்" என்றேன்.

போகலாம் என்று நமக்குத் தெரியும், மாட்டுக்குத் தெரியாதே. அகத்திக்கீரை காட்டினார்கள், வாழைப்பழம் காட்டினார்கள், தண்டவாளத்தின் மேல் சாக்கு விரித்தார்கள். அது தரையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

ஐயர் வாட்சைப் பார்த்தார். "நாழியாறது. கன்னுக்குட்டியை முதல்ல உள்ள கொண்டு போங்கோ. அம்மா தானா வருவா."

பெயின்டர் கன்றை அப்படியே இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு உள்ளே போனார். கன்று கத்தியது. அவ்வளவுதான், மாடு சாக்கு, தண்டவாளம், கோலம் எல்லாவற்றையும் ஒரே தாண்டாகத் தாண்டிக்கொண்டு ஹாலுக்குள் ஓடியது. கயிற்றைப் பிடித்திருந்த மாட்டுக்காரர் அதற்குப் பின்னால் பறந்தார். மாடு ஹாலின் நடுவில் நின்று, எல்லாரும் பார்க்க, கோமியம் விட்டது. "ஆச்சு, ஆச்சு, ரொம்ப விசேஷம்!" என்றார் ஐயர். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. முணுமுணுத்த அந்த அம்மாதான் முதலில் கை தட்டியது.

ஹோமம் கரண்டு இல்லாமலே நடந்தது. பால் கேஸ் அடுப்பில் பொங்கியது. ஃபேன் இல்லாமல் ஹோமப் புகையில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். நானும் மச்சானும் பின்னால் போனோம். கரண்டு எங்கே கசிகிறது என்பது அப்புறம். எங்கே கசிந்தாலும் எர்த் வழியாக மண்ணுக்குள் போயிருக்க வேண்டுமே, ஏன் போகவில்லை?

வீட்டின் வடகிழக்கு மூலைக்கு வந்தோம். நான் குழி வெட்டிய இடத்தில் புதிதாக ஒரு துளசி மாடம் இருந்தது. அதன் அடியில் என் எர்த் வயர் மட்டும் சுருட்டி, மண்ணில் சொருகப்பட்டுக் கிடந்தது.

ஹோமம் முடிந்து அக்கா வெளியே வந்ததும் கேட்டேன். "அக்கா, இங்க ஒரு குழி இருந்துச்சே, இரும்புப் பைப்பு..."

"அதுவாப்பா? வாஸ்துக்காரர் வந்து பாத்தாரு. ஈசானிய மூலையில இரும்பு பொதச்சு வெச்சா குடும்பத்துக்கு ஆவாதுன்னுட்டாரு. மேஸ்திரிதான் பிடுங்கிக் குடுத்தாரு."

மேஸ்திரி தென்னை மரத்தில் எத்தனை காய் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

"பைப்பு எங்கக்கா?"

"பழைய இரும்புக்காரன் வந்தான். முந்நூறு ரூபா குடுத்தான்."

மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் துளசி மாடத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு சிரிப்பு வரவில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மூன்று தரம் பார்த்தவன், கடைசி வாரத்தில் எர்த் இருக்கிறதா என்று ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. மண்ணுக்குள் புதைத்தது எங்கே எழுந்து போய்விடும் என்று இருந்துவிட்டேன். நான் கவலைப்படாமல் விட்டது அது ஒன்றுதான்.

கண்டக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். மனைவியைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "சரி, கேட்டுல எப்படிப்பா கரண்டு வந்துச்சு?"

மச்சான் என் காலை மிதித்தான். சொல்லாதீங்க என்று அர்த்தம். சொல்லாமல் விட்டால் அதை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை ராத்திரி விழித்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"நான்தான் சார் கேட்டுக்கும் எர்த் குடுத்தேன். யாரும் குடுக்க மாட்டாங்க. நான் பயந்துக்கினு குடுத்தேன். மைக் செட்டு, இன்வெர்ட்டர், சீரியல் பல்பு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். அது மண்ணுக்குப் போயிருக்கணும். போவ வழியில்லாம கேட்டுல வந்து நின்னுடுச்சு. நான் அந்த வயரைக் குடுக்காம இருந்திருந்தா மாடு நேரா உள்ள போயிருக்கும்."

அவர் கேட் பக்கம் எட்டிப் பார்த்தார். அக்காதான் கேட்டார். "அப்ப அந்தக் கரண்டு கேட்டோட போச்சா?"

"இல்லக்கா. கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாத்துலயும் நின்னுக்கினுதான் இருந்திருக்கும். நாளைக்கு ஈரக் கையோட தொட்டிருந்தீங்கன்னா நீங்களும் மாடு மாதிரிதான் துள்ளியிருப்பீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னை மாடுங்கறான் பாருங்க!" என்று அக்கா புருஷனிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டார். சிரிப்பு நின்றதும் கிரைண்டர் இருக்கிற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "மாடு மொதல்ல மிதிச்சதே நல்லதாப் போச்சு" என்றார்.

குழியை எங்கே வெட்டுவது என்று ஐயரிடமே கேட்டோம். "கரண்டுன்னா அக்கினிதானே? அக்கினி மூலையில வெட்டுங்கோ. யாரும் தப்பு சொல்ல முடியாது" என்றார். வாஸ்துக்காரருக்கும் போன் போட்டார்கள். அவர் போனிலேயே, "நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்" என்றாராம்.

அதற்குள் மரியாதை செய்கிற நேரம் வந்தது. தாம்பூலத் தட்டில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, பணம் வைத்து, வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் தென்னை மரத்தை விட்டு வந்து வாங்கிக்கொண்டார். ஆசாரியை, பெயின்டரை, மாட்டுக்காரரைக்கூடக் கூப்பிட்டார்கள். நான் மறுபடி டிரம் பக்கத்துக்குப் போய்விட்டேன். தட்டு இன்னும் இரண்டு இருந்தது. ஒன்று ஐயருக்கு என்று தெரியும்.

"எலக்ட்ரீசியன் எங்கப்பா?" என்று கண்டக்டர் குரல் கேட்டது.

நான் மச்சானைத் தள்ளினேன். "போ மச்சான், கூப்பிடறாங்க."

"உங்களைத்தான் மாமா!"

போய் வாங்கினேன். வேட்டி நாலு முழம். துண்டில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. கண்டக்டர், "இனிமே நானே ஒன்னைக் கேக்காம ஒரு ஆணி அடிக்க மாட்டேன். ஆனா எம் பொண்டாட்டிக்கு நான் கேரன்ட்டி தர முடியாது" என்றார். கூட்டத்தில் இருந்த ஒருவர், அனந்தபுரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம் செய்பவராம், என் நம்பரை வாங்கிக்கொண்டார். "எங்க வூட்டு கேட்டுக்கும் எர்த் குடுக்கணும்" என்றார். கேட் எர்த் வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த மனைவி, கேசரியைப் பிட்டுக்கொண்டே, "திங்கக்கிழமை எங்கயும் போவ வேணாம்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சாப்பிட்ட கையோடு வேட்டியை மடித்து வைத்துவிட்டு, நானும் மச்சானும் அக்கினி மூலையில் குழி வெட்டினோம். டவுனுக்குப் போய்ப் புதுப் பைப், உப்பு, கரி எல்லாம் என் காசில் வாங்கி வந்தேன். மூன்று மணிக்கு, மெயினுக்கு மேலே வருகிற பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு பல்பு வைத்துப் பார்த்தோம். பளிச்சென்று எரிந்தது, எர்த் நன்றாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மெயினை ஏற்றினேன். தண்டவாளத்தில் டெஸ்டர் வைத்தேன். எரியவில்லை. மூன்று தரம் வைத்தேன். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தண்ணீரில் நனைத்து, மஞ்சள் குங்குமத்தைத் தவிர்த்து ஓரமாக, நானே தண்டவாளத்தின் மேல் ஏறி நின்றேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வயரிங் கூலியைக் கண்டக்டர் அந்த வாரமே முழுசாகக் கொடுத்துவிட்டார். இரண்டாவது எர்த்துக் குழிக்கான செலவைத்தான் யார் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. வாஸ்துக்காரர் கொடுக்கட்டும் என்கிறார் கண்டக்டர். மேஸ்திரி கொடுக்கட்டும் என்கிறார் அக்கா. கேளுங்க மாமா, கேளுங்க என்கிறான் மச்சான். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் கண்டக்டரைப் பார்க்கும்போது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அவரே முந்திக்கொண்டு, "ஞாபகம் கீதுப்பா" என்பார். பைப், உப்பு, கரி, குழிக் கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூறு. இரும்பு விற்ற முந்நூறை அக்கா அன்றைக்கே என் கையில் கொடுத்துவிட்டார். பாக்கி இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.